அரை மில்லிமீட்டர் பல்

இறால் வறுவலை மென்றுகொண்டே புகார்க் கடிதத்தை வாசித்தார் குரேபயாஷி, எங்கள் வடிவமைப்புப் பிரிவின் தலைவர். மதிய உணவுப் பெட்டிகளைப் பிரித்து வைத்துக் கூட்டம் நடத்தினால், எதிர்த்துப் பேசுபவன் வாயில் சோறு இருக்கும் என்று கண்டுபிடித்தவர்.

கழுத்தெலும்புகளுக்கு நடுவே தேய்ந்துபோன வட்டை எடுத்துவிட்டு வைக்கும் செயற்கை வட்டுதான் எங்கள் சரக்கு. மேலே ஒரு டைட்டானியத் தகடு, கீழே ஒன்று, நடுவில் பிளாஸ்டிக். தகடுகளில் பொடிப் பற்கள். அவை எலும்பைக் கவ்விக்கொண்டு நகராமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் தொழில்.

இது பதினேழாவது புகார். அகிதாவில் ஒரு இசை ஆசிரியை. கழுத்தை வலப்பக்கம் திருப்பினால் உள்ளே ஏதோ நகர்கிறது, 'டிக்' என்று கேட்கிறது என்று எழுதியிருந்தார்.

"அப்போ இடப்பக்கம் பாக்கச் சொல்லுப்பா," என்றார் குரேபயாஷி.

ஆறு பேர் சிரித்தார்கள். பதவி வரிசைப்படி சிரித்தார்கள்.

பற்களைப் பழையபடி ஒரு மில்லிமீட்டராக்க வேண்டும், அதுவரை சரக்கு வெளியே போகக் கூடாது என்றேன். சுத்தியலால் நாலு தட்டு கூடுதலாகத் தட்ட வேண்டியிருக்கிறது என்று பெரிய டாக்டர்கள் முகம் சுளித்ததால், மூன்று வருடத்துக்கு முன் பற்களைப் பாதியாகக் குறைத்தோம். அந்த வரைபடத்தின் மூலையில் ஒப்புதலுக்காகக் குத்திய சிவப்பு முத்திரை என்னுடையது.

அடுத்த மாதம் முந்நூறு வட்டு அனுப்புகிறோம் என்று குரேபயாஷி நினைவூட்டினார். பிறகு சுவரில் மாட்டியிருந்த சோதனை வரைகோட்டைக் காட்டினார். எலும்புக்குப் பதிலாக நுரைக்கட்டையில் வட்டைப் பதித்து இழுத்திருக்கிறோம். அசையவில்லை.

நுரைக்கட்டைக்குக் கழுத்து கிடையாது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்காது.

தரப்பிரிவின் ஹனேதா அம்மா, ஆசிரியைக்கு வழக்கமான பதிலை அனுப்பிவிடலாமா என்று கேட்டார். 'வட்டு உறுதியாகவே உள்ளது. தாங்கள் உணர்வது பழக்கமின்மை.' அலுங்காத வாக்கியம். அதுவும் நான் எழுதியதுதான்.

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, உணவுப் பெட்டியின் மூடிமேல் வைத்தேன்.

கட்டைவிரல் நகமளவு தகடு. எங்கள் வட்டின் மேல்தகடு. பளபளப்பு போய் மங்கிக் கிடந்தது.

உடம்புக்குள் போன வட்டு ஒன்றுகூட எங்கள் கைக்குத் திரும்பி வந்ததில்லை. குரேபயாஷிக்கு ஆசை தாங்கவில்லை. விரலெல்லாம் எண்ணெய். அதனால் சாப்பிட்டுக்கொண்டிருந்த குச்சிகளாலேயே அதைப் பிடித்துத் தூக்கினார்.

"நடுத்துண்டு எங்கப்பா, இசோமுரா?"

"எரிஞ்சுபோச்சு சார்."

எந்த ஆஸ்பத்திரி மடையன் இதை அடுப்பில் வைத்துச் சுத்தம் செய்தான் என்று கேட்டார். மறுபடியும் சிரிப்பு, அதே வரிசையில்.

பற்களைப் பாருங்கள் என்றேன். எலும்பு ஊன்றியிருந்தால் எவ்வளவு சூட்டிலும் ஒரு வெள்ளைத் துணுக்காவது ஒட்டியிருக்கும். இரண்டு வருடம் உள்ளே இருந்திருக்கிறது. ஒன்றையும் கவ்வவில்லை.

கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை என்று அவர் தகட்டை ஹனேதா அம்மாவிடம் நீட்டினார். அவரும் யோசிக்காமல் தன் குச்சிகளை நீட்டிப் பிடித்தார்.

தகடு இரண்டு ஜோடிக் குச்சிகளுக்கு நடுவே நின்றது.

சாப்பாட்டு மேசையில் குழந்தைகள் இப்படிச் செய்தால் கையில் அடி விழும். ஒரே பொருளை இரண்டு பேர் குச்சிகளால் சேர்ந்து பிடிப்பது ஓர் இடத்தில்தான். தகனக்கூடத்தில், எரிந்து வந்த எலும்புகளைக் கலயத்துக்கு மாற்றும்போது.

ஹனேதா அம்மா என்னைப் பார்த்தார். பத்து நாள் விடுப்பு முடிந்து நான் வேலைக்கு வந்த முதல் நாள் அது. கம்பெனி சார்பில் மலர் அனுப்பி வைத்ததே அவர்தான்.

"நாங்களும் இப்படித்தான் எடுத்தோம்," என்றேன். "நானும் மாமனாரும்."

யாரும் அசையவில்லை. இதற்கு வரிசை தெரியவில்லை போலும்.

என் மனைவி கனாயே தன் சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் அறுவை செய்துகொண்டாள். ஆபீசில் யாருக்கும் தெரியாது. எங்கள் வட்டையே வைக்கச் சொன்னது நான்.

அவள் புகார் எழுதவில்லை. பதினேழில் அவள் இல்லை. ஒருநாள் சோறு பரிமாறும்போது, வலப்பக்கம் திரும்பினால் 'டிக்' என்கிறது என்று சொன்னாள், அவ்வளவுதான்.

குரேபயாஷியின் ஜோக்கை அன்றைக்கே நான் சொல்லிவிட்டேன். அவரைவிட நன்றாகவே சொன்னேன். அவளே சிரித்தாள்.

போலீஸ்காரர் வாசித்துக் காட்டிய அறிக்கை ஒரு பக்கம்கூட இல்லை. லாரி வலப்பக்கமிருந்து வந்திருக்கிறது. ஓட்டுநர் வேகமாக வரவில்லை.

சைக்கிளைச் சாலையில் இறக்கும் முன் அந்தப் பெண் இடப்பக்கம் மட்டும் பார்த்தாள், இரண்டு தடவை பார்த்தாள் என்று ஓட்டுநர் சொல்லியிருக்கிறார்.