மீதித் தண்ணீர்

அந்த ரோமானிய நீதிமன்றத்தில் வக்கீல் பேசுவதற்கு ஒரு பானைத் தண்ணீர்தான் அளவு. அடித்துளை வழியாகக் கடைசிச் சொட்டு விழுந்ததும் “தீர்ந்துச்சு!” என்று அடிமை ஹிலாரஸ் கத்துவான், பேசுகிறவர் அத்தோடு உட்கார்ந்துவிட வேண்டும். பானையில் கை வைத்தால் அவன் கையை வெட்டிவிடுவார்கள். பதினெட்டு வருடமாகச் சொட்டுச் சத்தத்தைத் தவிர அவன் வேறெதையும் காதில் வாங்கியதில்லை.

அன்று, முதலாளியின் கழுத்தை நெரித்துக் கொன்றதாகத் தலைபோகிற வழக்கில் மாட்டியிருந்த ரொட்டிக்காரனுக்காக அட்ரியஸ் என்ற புது வக்கீல் எழுந்தான். முக்கால் பானை தீரும்வரை திக்கித் திணறினான். பிறகு என்ன ஆயிற்றோ, அடுப்பில் வெந்து விறைத்துப்போன ரொட்டிக்காரனின் கைகளைத் தூக்கிப் பிடித்து, “இந்த விரல் மடங்குமா பாருங்க! இதுவா நெரிச்சது?” என்று ஒரு குரல் கொடுத்தான் பாருங்கள், ஹிலாரஸுக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. அவனைக் கேட்காமலே அவன் கட்டைவிரல் போய்த் துளையை அடைத்துக்கொண்டது.

அட்ரியஸ் பேசினான், பேசினான், தூண் நிழல் மூன்று படி இறங்கும்வரை பேசினான். அவன் உட்கார்ந்தபோது மன்றமே அதிர்ந்தது.

எதிர்வக்கீல் துள்ளி எழுந்தார். “ஐயா, பானையில இன்னும் தண்ணி இருக்கு!”

நீதிபதி ஹிலாரஸைப் பார்த்தார்.

“பேச்சு சின்னதுங்க ஐயா” என்றான், ஊறிச் சுருங்கிய விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

காலையிலிருந்து கால் கடுக்க நின்ற கூட்டத்தின் பக்கம் நீதிபதி திரும்பினார்.

“ஆமாங்க” என்றது கூட்டம், “ரொம்பச் சின்னது!”