சரக்கு லிஃப்ட்

கூரியர்காரர்கள் சரக்கு லிஃப்டில் மட்டுமே ஏற வேண்டும் என்று விதி போட்டவர், குடியிருப்புச் சங்கச் செயலாளர் தணிகாசலம். அன்று அந்த ஒற்றை லிஃப்டின் முன் பதினேழு பேர் நின்றார்கள். கடைசியில் நின்ற முபீனாவின் பையில் தணிகாசலத்தின் மனைவிக்கான இன்சுலின் இருந்தது.

அவள் போன் அடித்தது, தணிகாசலம்தான். "எங்கம்மா இருக்க? மருந்து கெட்டுடும்!"

"கீழதான் சார், ஒரு மணி நேரமா. லிஃப்ட் வரல."

"முன்னாடி நிக்கிறவங்கள விலக்கிட்டு வா."

ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் நகரவில்லை.

தணிகாசலம் குடியிருப்போர் லிஃப்டில் தனியாக இறங்கி வந்து கையை நீட்டினார். முபீனா மருந்தைக் கொடுத்தாள். அவர் திரும்பியபோது, மெத்தையைச் சுமந்த ஒருவர் அதே லிஃப்டுக்குள் நுழைந்திருந்தார். பின்னாலேயே இன்னும் நான்கு பேர்.

"உங்களுக்கு எத்தனாவது மாடி சார்?" என்றார் மெத்தைக்காரர், பொத்தானில் விரலை வைத்தபடி.