சமமான சத்தம்

கேட்டுப்பார்க்கும் அறையில் மூன்று பேர் இருந்தோம்: கடைக்காரர் எபனேசர், அவர் மனைவி சுகிர்தா, ஹெட்போன் வாங்கப் போன நான். கூடவே எபனேசர் விற்கப் பார்த்த ஆம்ப்ளிஃபயரோடு கேட்டபோது பாட்டு பிரமாதமாகத்தான் இருந்தது.

"ஆம்ப் இல்லாம இதுக்குப் பாதி உசுருதான் தம்பி. உங்க கால் சென்டர் காதுக்கு அது எங்க தெரியப்போகுது?" என்றார் எபனேசர்.

கால் சென்டரில் ஆறு வருடம் இரவுப் பணி பார்த்துவிட்டு உதறியவன் நான்; அதைப் பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லியிருந்தேன். எதிர்முனையின் மூச்சை வைத்தே யார் போனை வைக்கப்போகிறார் என்று சொல்லிவிடுவேன்.

"ஆம்ப்ல சத்தத்தக் கூட்டி வச்சிருக்கீங்க. ரெண்டையும் சமமா வச்சு, நீங்க கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க" என்றேன்.

சுகிர்தா ஹெட்போனை ஆம்ப்பிலும், ஆம்ப் இல்லாமல் நேராகவும் மாற்றி மாற்றிச் செருகினார். பத்து முறையில் எபனேசர் ஐந்துதான் சரியாகச் சொன்னார்; காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலும் அவ்வளவு வரும்.

"ஏங்க, இருபது வருசமா இதச் சொல்லியா வித்தீங்க?" என்று சிரித்தார் சுகிர்தா.

ஹெட்போனை மட்டும் எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தேன். என் பின்னாலேயே சுகிர்தாவையும் வெளியே அனுப்பிவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் எபனேசர் அறைக் கதவைச் சாத்தி உள்ளே தாழிட்டுக்கொண்டார்.