அம்மா இருக்கும் வீடியோ

"எங்கம்மா இருக்கிற ஒரே வீடியோ இதுதாண்ணே. பளிச்சுனு ஆக்கிக் குடுங்க," என்று கொடுத்துவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

எடிட்டர் சல்லடை போட்டுத் தேடினார். ஒரு குழந்தை நடை பழகிக்கொண்டிருந்தது. வேறு யாருமே இல்லை. இல்லாத ஆளை எங்கிருந்து பளிச்சென்று ஆக்குவது?

சாஃப்ட்வேரில் புதிதாக வந்த வசதியைத் தட்டினார். படத்தின் ஆட்டம் நின்றது. இடையிடையே கேட்ட இருமலும் போயே போச்சு.

மறுநாள் அதைப் பார்த்தவளின் முகம் வெளுத்தது.

"ஐயோ, அம்மாவைக் காணோமே!"

"முன்னாடியும் இல்லையேம்மா?"

"கேமராவைப் பிடிச்சிருந்ததே அம்மாதாண்ணே!"

எடிட்டர் பதறிப்போய் அந்த வசதியை நீக்கினார். படம் நடுங்கியது. யாரோ இருமினார்கள். குழந்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது.

"வந்துட்டாங்க," என்றாள்.