பட்டை சொன்ன பெயர்

எம்.பி.ஏ. நுழைவுத்தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்தான். பயிற்சி மையம் தாரிணியின் மணிக்கட்டில் மாட்டிவிட்ட மின்னணுப் பட்டை, அவள் கவனத்தைச் சிதறடிப்பது எது என்று தினமும் மாலையில் சொல்லிவிடும். முதலில் குக்கர் விசில் என்றது, பிறகு டிவி என்றது. ஒவ்வொன்றாக விலக்கியதில் கவன மதிப்பெண் ஏறியது உண்மைதான். இன்று கணவன் முகுந்தனின் பெயரைச் சொல்லியிருந்தது.

"ஏனுங்க, அது ஏதோ தப்பாச் சொல்லுது" என்றாள்.

"குக்கருக்கும் டிவிக்கும் அடுத்த ஆளு நானா? பெரிய பதவிதான் போ!" அவன் சிரித்தபடியே பையில் சட்டைகளை அடுக்கினான். "பொள்ளாச்சில அக்கா வீட்ல இருந்துக்கறேன். இது கடைசி வாய்ப்பு அம்மிணி, நீ படி."

அவன் போவதில் அவளுக்கு விருப்பமில்லை; ஆனாலும் கட்டிலில் கிடந்த கடைசிச் சட்டையை மடித்து நீட்டினாள். மூன்றாவது முறையும் தோற்றுவிடுவோமோ என்ற பயம் அவளுக்கு.

அவன் லிஃப்டில் இறங்கிப் போனதும் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள். ஒரு வரிகூட மனதில் ஏறவில்லை. சற்று நேரத்தில் பட்டை பச்சையாக ஒளிர்ந்தது.

"கவனம் தொண்ணூற்றெட்டு. இதுவரை நீங்கள் எட்டாத உயரம். வாழ்த்துகள்!"

தாரிணி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, லிஃப்ட் மறுபடி மேலே வரும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.