அளவு பேன்ட்

நூல்கண்டைத் தேடி மனைவியின் தையல் மிஷின் டிராயரை இழுத்த மாஸ்டருக்குக் கையில் அகப்பட்டது சாக்லேட் காகிதம். ஒன்றல்ல, கை நிறைய. ஊசிப் பெட்டிக்கு அடியில் மடித்து மடித்து வைத்திருந்தது.

அடிப்பாவி!

டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கெல்லாம் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். வாய்க்கு பிரேக் போடாவிட்டால் சர்க்கரை ஆளைச் சாய்த்துவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியபோது, "நீங்க சாப்பிடாத சோறு எனக்கு மட்டும் எதுக்கு?" என்று கூடவே பத்தியத்தில் இறங்கியவள் இவள். குச்சி உடம்பை வைத்துக்கொண்டு நமக்காகக் காய்கிறாளே என்று அவர் எத்தனை முறை உருகியிருப்பார்!

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. லைசன்ஸ் வாங்கிய சந்தோஷத்தில் யாராவது எதையாவது நீட்டினால்கூட, அவர்கள் மனசு நோகக் கூடாதே என்று வாயில் போட்டுக்கொள்வதோடு சரி.

இன்று விடுமுறை. இருவருக்கு மட்டும் விருந்து. சோறு, ரொட்டி, கிழங்கு எதுவும் வாசல்படி ஏறக் கூடாது, காலிஃபிளவரைத் துருவி அதையே சோறு என்று நினைத்துக்கொள்வது, கோழிக்குள் கீரையை அடைத்துக் கட்டிச் சுடுவது என்று காலையிலிருந்து இருவரும் பேசிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். கோழியைக் கட்டத்தான் நூல்.

"இங்க வா!"

துருவிய கையோடு வந்தாள். காகிதங்களைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பட்டினி கிடக்கிறது நானு, திருட்டுத் தீனி தின்னுறது நீயா? நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டியே!"

"மெதுவா பேசுங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! என் இடுப்பைப் பாரு!"

கோழி வாங்கப் போட்டுப்போன பேன்ட்டை அவர் இன்னும் மாற்றவில்லை. எடை மிஷின் உடைந்ததிலிருந்து, அவள் தைத்துக் கொடுத்த அந்த பேன்ட்தான் வீட்டில் அளவுகோல். பெல்ட் கட்டுகிற பழக்கமும் அவருக்கு இல்லை.

பத்தியத்தின் முதல் வாரம் பேன்ட் இம்மிகூடத் தளரவில்லை. "எல்லாம் வேஸ்ட், எனக்குச் சோறு போடு" என்று தட்டைத் தள்ளினார். மறு வாரமே ஒரு விரல் உள்ளே போனது. மனிதர் துள்ளிக் குதித்தார். அன்றிலிருந்து வாராவாரம் லூசாகிக்கொண்டேதான் வருகிறது. அதைத் துவைத்து இஸ்திரி போடும் வேலையையும் அவள் வேறு யாருக்கும் விட்டதில்லை.

"நாலு விரல் போகுது பாரு. இதுக்குப் பேருதான் கட்டுப்பாடு!" மாஸ்டரின் குரல் உடைந்தது. "சோறு போனதுகூட எனக்கு வலிக்கல. நீ ஏமாத்தினதுதான் வலிக்குது."

அவள் மிஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இதெல்லாம் உங்க பேன்ட் பாக்கெட்ல இருந்து எடுத்ததுங்க."

மாஸ்டரின் கை தானாகப் பாக்கெட்டைத் தடவியது. காரில் குப்பை போடக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம்.

"அது... பசங்க ஆசையா குடுத்தது. ஒண்ணு ரெண்டு." சட்டென்று நிமிர்ந்தார். "இருந்துட்டுப் போகட்டுமே! அதையும் மீறி இளைச்சிருக்கேன்ல? நான் பொய் சொல்லலாம், பேன்ட் பொய் சொல்லுமா?"

அவள் கண்கள் கலங்கியிருந்தன. எட்டி அவர் இடுப்புப் பட்டியைத் திருப்பி, உள்தையலைக் காட்டினாள்.

"வாராவாரம் நான்தான் பிரிச்சு விட்டேன். இனிமே விடறதுக்குத் துணி இல்லீங்க."