கெளுத்தி குத்திய கை

நாச்சிமுத்து ஞாயிறுதோறும் தூண்டிலோடு ஆற்றுக்குப் போய்க் கெளுத்தி கொண்டுவருவார். மனைவி இறந்த பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம். மீனைக் கழுவும்போதெல்லாம் மகள் சுலோச்சனா அதன் வாயைப் பிளந்து பார்ப்பாள். ஒன்றிலும் தூண்டில் கிழித்த காயம் இருந்ததில்லை. அப்பாவின் கையிலும் ஒரு கீறல் கிடையாது. பிடிக்கிறவன் கையைக் கெளுத்தியின் முள் சும்மா விடுமா? சந்தையில் வாங்கிவருகிறார் என்றால், பொழுது சாயும்வரை எங்கேதான் இருக்கிறார்?

ஒருநாள் கேட்டேவிட்டாள். "உங்களை மட்டும் கெளுத்தி குத்தவே மாட்டேங்குதேப்பா?"

"எல்லாம் பழக்கந்தான் கண்ணு" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் வீங்கிய வலது கையில் கட்டோடு வந்தார். "இன்னைக்குக் குத்திப்போட்டுது பாரு" என்று நீட்டினார். குரலில் வலியைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது. அநியாயமாகச் சந்தேகப்பட்டோமே என்று சுலோச்சனாவுக்கு மனம் சுருங்கிப்போனது. வெந்நீர் வைத்து எடுத்துவந்தாள். ஒத்தடம் கொடுக்க உட்கார்ந்தபோதுதான் கட்டைக் கவனித்தாள். மஞ்சள் பற்றுப் போட்டு, பூப்போட்ட புடவைக் கிழிசலால் இறுக்கமாகச் சுற்றி, முடிச்சின் நுனிகளை உள்ளே மடித்துச் செருகியிருந்தது.

"யாருப்பா கட்டிவிட்டது?"

"நானேதான் சாமி."

"ஒத்தக் கையிலயா?" முடிச்சை அவிழ்த்துத் துணியை அவரிடம் கொடுத்தாள். "எங்கே, இன்னொருக்கா கட்டுங்க, பாக்கலாம்."

அவர் துணியை வாங்கிக்கொண்டார். கட்டவில்லை. இடக்கையாலேயே அதைத் தொடைமேல் வைத்து நீவி, கசங்காமல் நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.